ஹர்த்தாலுக்குக் கேட்ட டயர்

டயரை அறுப்பது ஆட்டை அறுப்பதைவிடக் கஷ்டம். ஆடு ஒரு கட்டத்தில் அடங்கிவிடும், லொறி டயர் அடங்காது. கல்முனைக் கடற்கரைப் பக்கமாக இருந்த பட்டறையில் என் காக்கா, கூடப் பிறந்த அண்ணன், அதோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுவார். டயர்த் துண்டின் ஒரு நுனியை மரக்குற்றியில் ஆணியால் அடித்து, மறு நுனியைக் கயிற்றில் கட்டி, செயின் புளொக் கப்பியால் இழுத்து முறுக்குவார். றப்பர் விறைத்து நின்றால்தான் கத்தி இறங்கும். உள்ளே இருக்கும் கம்பி அவருடைய கைகளைக் கீறாத நாள் கிடையாது.

அறுத்ததெல்லாம் சவளக்கடைக் கிராமத்துக்கு மாட்டுத் தொட்டியாகப் போகும். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்புக்கு, தோணிகள் ஒன்றோடொன்று முட்டிச் சேதமாகாமல் விலாவில் கட்டும் பட்டியாகப் போகும். தேய்ந்துவிட்டதென்று ஊர் வீசுகிற ஒன்றை இன்னும் பல வருஷம் உழைக்க வைப்பதில் அவருக்குப் பெருமை. எனக்கும்தான்.

ஹர்த்தால் என்றால் எங்கள் முஸ்லிம் ஊரில் டயர் எரிய வேண்டும். எதற்காகக் கடை மூடினோம் என்று தெரியாதவனும் புகையைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வான். பிள்ளைகள் இருமுவதையும் காயப்போட்ட உடுப்பில் கரி படிவதையும் பற்றி ஒருத்தனும் கதைக்க மாட்டான். வந்து கேட்டால் காக்காவும் எதற்கும் உதவாத டயர் நாலைந்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார். ஊரைப் பகைத்துக்கொள்ள முடியாதே.

நான் சொல்ல வந்த ஹர்த்தாலன்று உதவாத டயர் இருக்கவில்லை. பட்டறையில் இருந்ததெல்லாம் பாண்டிருப்பு மீனவர் ஒருவர் வாங்கி, பட்டியாக அறுத்து வைக்கச் சொல்லி விட்டுப் போனவை. காக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் வாசலில் நிற்கும்போதே கூட்டம் வந்தது. முன்னால் வந்தவர் என் புருஷன்.

காக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார். வித்த சாமான் அமானிதம், ஒருத்தர் நம்பி விட்டுப் போனதை எடுத்துக் கொடுக்கத் தன்னால் ஏலாது என்றார்.

“நம்மட ஆக்களுக்கு இல்லாத டயர் அங்கால உள்ளவனுக்கா மச்சான்?” என்றார் என் புருஷன்.

ஒருத்தன் காக்காவின் கழுத்தைப் பிடித்தான். இன்னொருத்தன் தடியால் முதுகில் அடித்தான். கையிலிருந்த சாப்பாட்டுப் பாத்திரத்தாலேயே ஒருத்தனின் மண்டையில் போட்டேன். தலைமயிரைப் பிடித்து இழுத்து என்னை மணலில் தள்ளினார்கள். அடுக்கியிருந்த டயர்கள் சரிந்து உருண்டன. இழுபட்டு முறுகி நின்ற ஒற்றைத் துண்டையும் விட மனமில்லாமல் என் புருஷன் கீழே கிடந்த கத்தியை எடுத்தார்.

காக்கா அதைக் கண்டுவிட்டார். “கயித்த வெட்டாதீங்க, அடிச்சிடும்” என்று சொல்லிக்கொண்டே, பிடித்தவர்களை உதறிவிட்டு அவரைத் தடுக்க ஓடினார்.

அதற்குள் என் புருஷன் வெட்டிவிட்டார்.

றப்பர் துள்ளி வந்து காக்காவின் முகத்தில் அறைந்தது. பிதுங்கி நின்ற கம்பி வலது கண்ணுக்குள் போனது. பொத்திய விரல்களுக்கிடையால் இரத்தம் வழிந்தது. கூட்டம் டயர்களை உருட்டிக்கொண்டு சந்திக்குப் போனது. என் புருஷனும் ஒன்றை உருட்டிக்கொண்டு போனார். கயிற்றை வெட்டியது தெரியாத்தனம் என்று வைத்துக்கொள்வோம். உருட்டிக்கொண்டு போனதை என்னவென்று சொல்வது? அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அந்த டயர்கள் எரிந்துகொண்டிருந்தன. புகைக்குள்ளால்தான் ஓட்டோ போனது. கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. பொலிஸ் வந்து கேட்டபோது, கயிறு தானாக அறுந்தது என்று காக்கா சொன்னார். தங்கச்சியின் குடும்பம் குலையக்கூடாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே அறையலாம் போலிருந்தது.

பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கூடப் பிறந்தவளுக்கு வீடு கட்டி முடித்த பிறகுதான் ஆண்கள் தங்கள் கல்யாணத்தை நினைப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் புருஷன் கரி அப்பிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார். குளிக்கத் துவாய் கேட்டார். காக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

அவர் உடுக்கிற சாரன்களையும் சேட்டுகளையும் அள்ளி ஒழுங்கையில் வீசினேன். பதறி வெளியே ஓடியவர் திரும்பி வந்து அடிக்க ஓங்கினார். இரும்புக் கேட்டை அவருடைய விரல்களுக்கு மேலேயே சாத்தினேன்.

“இது டயர் அறுத்துக் கட்டின ஊடு. இதுக்குள்ள இனிக் கால் வெக்காதீங்க.”

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் காக்கா ஒற்றைக் கண்ணோடு வந்தார், மச்சானைச் சேர்த்துக்கொள் என்று கெஞ்சுவதற்கு. அவர் கட்டிய வீடுதான். அவருக்கும் நான் கேட்டைத் திறக்கவில்லை.