சீமாட்டிகளும் சனிக்கிழமை வகுப்பும்

என்னைப் பெண் பார்க்க வந்த ஞாயிறன்று, அம்மா என் அரங்கேற்ற ஆல்பத்தோடு மட்டூரா ஆய்வேட்டையும் மேசையில் எடுத்துவைத்தார். இங்கே சுவிஸில் பள்ளிக் கடைசி ஆண்டில், மட்டூரா என்ற இறுதித் தேர்வுக்காக நான் எழுதியது அது: பழைய இங்கிலாந்தின் பிரபுக் குடும்பத்துப் பெண்களின் அன்றாட வாழ்க்கை. நல்ல புள்ளி கிடைத்ததே அம்மாவுக்குப் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

திரிம்பாக் ஊரிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய தாயும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையோடு இரண்டு மாதமாகப் போனில் கதைத்திருந்தேன். பிடித்தும் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மாப்பிள்ளையின் தாய் ஆய்வேட்டைப் புரட்டி, என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டார். கேட்டால் விடுவேனா? அந்தச் சீமாட்டிகள் காலையில் கடிதம் எழுதுவார்கள், பிற்பகலில் நாலு வீட்டுக்குப் போய்வருவார்கள், இரவுச் சாப்பாட்டுக்கு உடுப்பு மாற்றுவார்கள் என்றேன். பியானோ, பிரெஞ்சு, ஓவியம், பூத்தையல் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். விருந்தினர் முன்னால் வாசித்தால் பெருமை. அதையே தொழிலாகச் செய்தால் குடும்பத்துக்கு இழுக்கு. கல்யாணத்துக்குப் பிறகு பலர் பியானோவைத் திறப்பதே இல்லை.

“பாவங்கள்” என்றார். உண்மையாகவே இரங்கினார். பிறகு ஆல்பத்தைப் பார்த்து என் நடனத்தை மெச்சினார். லாங்கன்தாலில் சனிக்கிழமைகளில் பதினொரு பிள்ளைகளுக்கு நான் பரதம் சொல்லிக்கொடுப்பதும் அவர் காதுக்கு எட்டியிருந்தது.

“கலியாணத்துக்குப் பிறகு அந்த வகுப்பை விட்டிடுவீங்கள் தானே, பிள்ளை? வீட்டு விசேஷங்களில ஆடினாப் போதும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபம் அதற்குப் பின்னாலேயே வந்தது. அம்மா கண்ணாலேயே என்னை அடக்கப் பார்த்தார். அடங்குகிற ஆளா நான்?

“இல்லை அன்ரி, விடமாட்டன்.”

சொல்லிவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தேன். போனில் அந்த வகுப்பைப் பற்றி எவ்வளவு ஆசையாகக் கேட்டவர். எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மற்றதையெல்லாம் பேசித் தீர்த்திருக்கலாம். அவர் ஆல்பத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அவர்கள் போன பிறகு அம்மா கோப்பைகளை ‘டக் டக்’ என்று அடுக்கினார். இதை இன்றைக்கே சொல்லவேண்டுமா, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று பொரிந்து தள்ளினார். கடைசியில்தான் கேட்டார்.

“உனக்கு அந்தப் பெடியனைப் பிடிக்குமெல்லே?”

“ஓம், பிடிக்கும். அவர் வாய் திறக்கேல்லையே, அம்மா.”

அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. மேசையில் கிடந்த ஆய்வேட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார்.