செபத்தின் மறுபாதி

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். பேய் பிசாசை நான் நம்பினதே இல்லை. என் பயங்கள் வேறு வகை, அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, வழக்கு என்ன ஆகும் என்று நாள் முழுக்க நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், அலங்காரமாகச் சொல்ல வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

என் அக்கா இங்கிலாந்தில், கிழமைக்கு ஒருநாள் சந்தை கூடும் ஒரு சின்ன ஊரில் இருந்தார். அத்தான் இறந்த பிறகு தனி, பிள்ளைகளும் இல்லை. அந்த ஊர் ஆஸ்பத்திரி முந்தி ஆதரவற்றவர்களை அடைத்து வைத்திருந்த கட்டடமாம். யாருமில்லாமல் சாகிறவர்களின் கட்டிலருகே சாம்பல் நிறச் சால்வை போர்த்திய ஒரு பெண் வந்து இருப்பாள் என்று சந்தையில் மரக்கறி விற்பவர்கள்கூடச் சொல்வார்களாம். நோய் முற்றி அங்கே படுத்த புதிதில் அக்கா போனில் பகிடி விட்டார்: "அவ வந்தாலும் இங்கிலீசிலைதான் கதைப்பா. எனக்கு விளங்காது, நீயே வந்து பக்கத்திலை இரு தம்பி."

"வாறன் அக்கா" என்றேன். எப்படிப் போவது? மொன்றியலில் என் அகதி வழக்கு முடியவில்லை, நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப விடமாட்டார்கள்.

கடைசி நாள் தாதி ஸ்பீக்கரைப் போட்டு போனை அக்காவின் தலையணையில் வைத்துவிட்டு வெளியே போனாள். எங்கள் ஆட்கள் சாகக் கிடப்பவரைச் சுற்றியிருந்து செபமாலை சொல்வார்கள், ஒருவர் முதல் பாதி, மற்றவர்கள் மறுபாதி. இங்கே மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் பட்டப்பகல், கீழே பஸ் சத்தம். சமையலறைக் கதிரையில் இருந்து "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினேன், அக்காவால் வாய் திறக்க முடியாது, மறுபாதியையும் நானே சொல்ல வேண்டியதுதான் என்று நினைக்கும்போதே ஒரு பெண் குரல் அதைச் சொன்னது. நம்பினால் நம்புங்கள், தமிழில். அதுவும் "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று, அம்மா காலத்தோடு போன பழைய செபம்.

யாரோ தமிழ்த் தாதி என்று நினைத்து ஆறுதலில் அழுதே விட்டேன். செபமாலை முடியும்வரை மாறி மாறிச் சொன்னோம். கடைசியில் அந்தக் குரல், "காணும் தம்பி, நிப்பாட்டு. அக்கா போயிட்டா" என்றது.

பிறகு தாதி வந்து போனை எடுத்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீசில், அந்தத் தமிழ் அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள் என்றேன். அவள் கதவுக்கு வெளியில்தான் நின்றாளாம், உள்ளே ஒருவரும் போகவில்லையாம், என் குரல் மட்டும்தான் கேட்டதாம்.

கோயிலில் பழக்கமான அண்ணை ஒருவரிடம் சொன்னேன். "உனக்கு நித்திரை இல்லை, அதான். அக்கா தனியச் சாகேல்லை எண்டு நினைச்சு மனசை ஆத்து" என்றார். ஓம், ஆறத்தான் பார்க்கிறேன்.

ஆனால் எனக்கும் இங்கே யாருமில்லை. தனியாகச் செபமாலை சொல்லும்போது, முதல் பாதி முடிந்ததும் என்னையறியாமல் நிறுத்திவிடுகிறேன். போன கிழமை அப்படி நிறுத்தியபோது, யாரோ சொல்லத் தொடங்குவதற்காக மூச்சு எடுத்தது என் காதருகே கேட்டது.