ஒரு கார் மட்டும் போகும் பாதை

நான் இப்போது குடியிருக்கும் குவேக்கர்ஸ் ஹில் புறநகரில் பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டும்போதெல்லாம், ஐம்பதைத் தாண்டிய நான் வேலிக்கு மேலால் தலையை நீட்டி மோப்பம் பிடிப்பது வழக்கம். போன சனிக்கிழமை அவர் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். அந்த ஈரப்புல் வாசம் என்னை, அப்பா டாக்டராக இருந்த சின்ன இங்கிலாந்துக் கிராமத்துக்கு இழுத்துப் போய்விடுகிறது: ஒரு தேவாலயம், ஒரு வாத்துக்குளம், மழையில் ஊறிய செம்மறிகள், இரு பக்கமும் ஆளுயர முட்செடி வேலிக்கு நடுவே ஒரேயொரு கார் போகக்கூடிய, வளைந்து வளைந்து போன அந்தப் பாதை. இப்போது அதை அகலமாக்கிவிட்டார்களாம்.

எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் அருகிலுள்ள வயலின் வாசல்வரை பின்னால் போய் வழிவிட வேண்டும். வழி கிடைத்தவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். அப்பாவுக்கு ரிவர்ஸ் எடுக்கவே வராது. ஆனாலும் டிராக்டரும் பால் லொறியும் அவரைக் கண்டதும் பின்வாங்கின. உயிர் காக்க ஓடும் டாக்டருக்கு ஊர் காட்டும் மரியாதை அது என்று நம்பி, பின் சீட்டிலிருந்து நான் இளவரசனைப்போலக் கையசைப்பேன்.

நேற்று இதை மகளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த என் அம்மா திரும்பிப் பார்த்தார்.

"மரியாதையோ? கொப்பர் ஒருக்கா ரிவர்ஸ் எடுத்துப் பாதிரியாற்ற மதிலை இடிச்சவர். அதுக்குப் பிறகுதான் எல்லாரும் விலகினவை."