ஷூவைக் கழற்றாத மிலிட்டரிக்காரர்

1. வாசம்

ஆள் வருவதற்கு முன்னாடியே வாசம் வந்துவிட்டது.

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதில் டிரெஸ்ஸிங் ரூம்தான் என் ராஜ்ஜியம். சுகர் வந்தவர்களின் காலையும் புண்ணையும் பார்த்தே தலை நரைத்தவள் நான். அழுகல் வாசத்தை வராந்தாவிலேயே பிடித்துவிடுவேன். இது ஒன்றும் பெரிய கெட்டிக்காரத்தனம் இல்லை, பூக்காரிக்கு மல்லி வாசம் தெரிகிற மாதிரிதான். போன குற்றால சீசனில், நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்ததை, இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

உள்ளே வந்தவர் முருகையா. இலத்தூர்க்காரர். மிலிட்டரியிலிருந்து திரும்பி, ஒரு மில்லில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தார். என்னைவிட ரொம்பவே இளையவர். இஸ்திரி கலையாத சட்டை, முறுக்கிய மீசை, முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. ஆனால் காய்ச்சலில் கண் இரண்டும் சிவந்து கிடந்தது. பின்னாலேயே அவர் மனைவி சண்முகத்தாய் வந்தாள்.

"காய்ச்சலுக்குத்தான் வந்தோம் அக்கா. டாக்டரு காலைக் காட்டச் சொல்லி இங்கன அனுப்பிட்டாரு. காலுக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

சண்முகத்தாய் பொரிந்து தள்ளிவிட்டாள். "ஒண்ணும் இல்லையாம்லா! குத்தாலத்துல குளிக்கப் போனோம் அக்கா. ஐந்தருவியில இருந்து வரும்போது என்னமோ குத்திருக்கு. ரத்தத்தை நான்தான் பாத்தேன், இவுகளுக்குத் தெரியவே இல்ல. அன்னையில இருந்து சாக்ஸைக் கழட்ட மாட்டேங்காக. கட்டில்லயும் சாக்ஸோடதான் படுக்காக. கேட்டா வள்ளுன்னு விழுதாக!"

இவருக்கும் சுகர். அது முற்றினால் காலில் உணர்ச்சி மரத்துப்போகும். கண்ணாடி ஏறினாலும் தெரியாது. பேன்ட்டை லேசாக மேலே தூக்கச் சொல்லிப் பார்த்தேன். சிவப்பு கணுக்காலைத் தாண்டி மேலே ஏறியிருந்தது.

இவர்களை அனுப்பிய டாக்டர் அதற்குள் ஆப்பரேஷன் தியேட்டருக்குப் போயிருந்தார். இன்டர்காமில் சொன்னேன். "உடனே திறந்து கிளீன் பண்ணுங்க சிஸ்டர். கேஸை முடிச்சிட்டு ஓடி வாரேன். இப்படியே விட்டா காலை எடுக்க வேண்டியதாயிரும்" என்றார்.

2. "தொடாதீங்க!"

கிளவுஸ் போட்டு, ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து ஷூ லேஸில் கை வைத்தேன். நெருப்பில் பட்டது போலக் காலை இழுத்துக்கொண்டார்.

"தொடாதீங்க அக்கா! வயசுல மூத்தவுக என் காலைத் தொட்டா பாவம் எனக்குத்தான் வந்து சேரும்."

"சரி, இந்தச் சின்ன சிஸ்டர் பண்ணட்டும்" என்று பக்கத்தில் நின்ற இளம் நர்ஸைக் காட்டினேன்.

"அது என் மக மாதிரி இருக்கு. பொம்பளப் பிள்ள என் காலைப் பிடிக்கதா? ஆம்பளையாள் யாராச்சும் வரட்டும்."

"இருக்கிற ஒரே ஆம்பள நர்ஸும் டாக்டரோட தியேட்டர்ல நிக்காரு. அதுவரைக்கும் உங்க கால் காத்துக்கிட்டு இருக்குமாய்யா?"

"அப்ப நாளைக்கு வாரேன்" என்று எழுந்துவிட்டார். சண்முகத்தாய் அழ ஆரம்பித்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! என் வாய்க்குப் பயந்து டாக்டர்களே ஒதுங்கிப் போவார்கள். கதவை மறித்து நின்றுகொண்டேன். "இயேசு தன்னோட சீடர்கள் காலைக் கழுவ உட்கார்ந்தப்போ, பேதுருன்னு ஒருத்தரு இப்படித்தான் வேண்டவே வேண்டாம்னு குதிச்சாரு. அப்புறம் அவரே காலை நீட்டினாரு. நீங்க அவரைவிடப் பெரிய ஆளா?"

முருகையா நின்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவரு சாமி அக்கா. சாமி யார் காலை வேணும்னாலும் தொடலாம். நீங்க மனுஷிதான?"

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இப்படி யாரும் சொன்னதில்லை. அந்த நேரத்தில்தான் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். பாவ புண்ணியம் எல்லாம் பாதிதான். மீதி வெட்கம். இத்தனை நறுவிசாக இருக்கிற மனுஷனுக்குத் தன் கால் நாறுவது தெரியாமலா இருக்கும்?

அந்த வெட்கம் எனக்கும் பழக்கமானதுதான். எங்கள் மாதா கோவிலில் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரை உட்கார வைத்துக் காலைக் கழுவுவார். என்னையும் கூப்பிடுவார். "டியூட்டி இருக்கு ஃபாதர்" என்று நழுவிவிடுவேன். நின்று நின்று என் குதிகால் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கிறது. அதை ஊர் முன்னால் காட்டுவதா? அடுத்தவர் காலைக் கழுவச் சொன்னால் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கழுவுவேன். என் காலை நீட்டு என்றால்தான் வராது. பேதுருவை இவரிடம் தேடினேனே, அவர் என் செருப்புக்குள்தான் இருந்தார்.

3. நாற்காலியில் நான்

பேஷன்ட் நாற்காலியில் நானே போய் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றினேன்.

"தம்பி, மூத்தவ உங்க காலைத் தொட்டா பாவம். சரி. நீங்க மூத்தவ காலைத் தொட்டா?"

"அது புண்ணியம்லா."

"அப்ப இந்தாங்க, கிளவுஸ் போட்டுக்கோங்க. பேசின்ல தண்ணி இருக்கு. மொதல்ல நீங்க என் காலைக் கழுவுங்க. அப்புறம் உங்க காலை நான் கழுவுதேன். பாவம் வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து அனுபவிப்போம்."

சின்ன சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டாள். முருகையா மனைவியைப் பார்த்தார். "கழுவுங்களேன்! பெரியவுக கால்தானே!" என்று அவள் அதட்டினாள்.

அவர் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் என் காலில் விழுந்ததும் எனக்குக் கூசிக்கொண்டு வந்தது. இழுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் என் குதிகாலைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"என்னக்கா இது? ஊர்க் காலையெல்லாம் பாக்குதீங்க, உங்க கால் இப்படியா கிடக்கு? வலிக்கலையா?"

"வலிக்கத்தான் செய்யும்" என்றேன். அவ்வளவுதான், அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என் காலைப் பார்த்து வலிக்குதா என்று கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அவர் வெடிப்பு வெடிப்பாகத் தேய்த்துக் கழுவி, துண்டால் ஒற்றினார். அப்புறம் குனிந்து தன் ஷூ லேஸைத் தானே அவிழ்த்தார். காலை என் முன்னால் நீட்டிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாக்ஸ் புண்ணோடு ஒட்டிப்போயிருந்தது. சலைன் ஊற்றி ஊறவைத்துக் கத்தரித்து எடுத்தேன். சுண்டுவிரல் கறுத்துவிட்டது. அதன் அடியில் ஒரு பாட்டில் சில்லு. ஃபோர்செப்ஸால் எடுத்து டிரேயில் போட்டதும் சண்முகத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பேனாவால் காலில் கோடு போட்டேன். கோட்டைத் தாண்டினால் ஆபத்து என்று அர்த்தம். அதற்குள் டாக்டர் வந்துவிட்டார்.

"விரல் தேறாது. காலைக் காப்பாத்தப் பாக்கலாம்" என்றார்.

மறுநாள் டியூட்டிக்கு வந்ததும் கையெழுத்துகூடப் போடாமல் வார்டுக்கு ஓடினேன். போர்வையை விலக்கினேன். காலின் சிவப்பு, நான் போட்ட கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அப்பாடா! அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. சண்முகத்தாய் என்னைக் கட்டிக்கொண்டு, பண்பொழி முருகனுக்கு நேர்ந்திருக்கிறேன் என்றாள். நானும் ஜெபமாலையோடுதான் கிடந்தேன் என்றேன். எந்தச் சாமி காதில் விழுந்ததோ, கால் தப்பிவிட்டது. சுண்டுவிரலை எடுத்ததோடு போயிற்று.

4. பிள்ளைகளுக்கு

தாழ்மை என்றால் குனிந்து அடுத்தவருக்குச் செய்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது எனக்குச் சுலபம், சம்பளமே அதற்குத்தான். நம் புண்ணை அடுத்தவர் பார்க்க விடுவது இருக்கிறதே, அதுதான் கஷ்டம். இயேசு ஒருவர் காலை ஒருவர் கழுவச் சொன்னார். ஒரே ஆள் எல்லார் காலையும் கழுவிவிட்டுப் பெருமையாக நிற்கச் சொல்லவில்லை. ஆகவே பேஷன்ட் காலை ஒளித்தால் வையாதீர்கள். நாம் எதை ஒளிக்கிறோம் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். கோபம் தானாக இறங்கும்.

நான் ரிட்டயர் ஆகிற வாரம் முருகையா செக்கப்புக்கு வந்திருந்தார். சுகர்காரர்களுக்கென்று செய்கிற மிருதுவான எம்.சி.ஆர். செருப்பு, நல்ல நடை. வராந்தாவில் ஒரு பெரியவர் வெள்ளை வேட்டியும் ஷூவுமாக உட்கார்ந்து, எனக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகிறேன் என்று மகனிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போவதற்குள் முருகையா அவர் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, நீங்க போய் என் காலைத் தொடுதீங்களே!" என்று பெரியவர் பதறினார்.

"சும்மா இருங்க அண்ணாச்சி. நீங்க மூத்தவுக, எனக்குப் புண்ணியம்தான்."

லேஸை அவிழ்த்தார். சாக்ஸை உருவினார். குப்பென்று வந்த வாசம் எனக்கே எட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். முருகையா முகத்தைத் திருப்பவில்லை. அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வலிக்கா அண்ணாச்சி?" என்று அவரிடம் கேட்டுவிட்டு, "அக்கா, சீக்கிரம் வாங்க" என்றார்.