உரிக்காத முட்டை

மதுக்கடை வேண்டாம் என்று கலெக்டருக்குப் போன மனுவில் மூன்றாவது பெயர் செங்கேணி. எதிரே இப்படி எழுதியிருந்தது: ‘வயது 58. மதுக்கடை வாசலை மிதித்தறியாத, அதன் பெயரைக் கேட்டாலே நடுங்கும் ஏழைப் பெண்.’ எழுதியவள் மகளிர் குழுத் தலைவி ஜெயப்பிரியா. நல்ல எண்ணத்தோடுதான் எழுதினாள்.

உத்திரமேரூர் சாலையில் பழைய பார் இருந்த ஒன்பது வருடமும் அதற்குள் அவித்த முட்டை விற்றவள் செங்கேணி. குடித்ததில்லை. ஆனால் இழுத்து மூடிய அன்று, கல்யாண வீட்டில் பந்தல் பிரித்த மாதிரி இருந்தது அவளுக்கு.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஊராட்சி அலுவலக வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் பெண்கள். மறுபக்கம், அதே இடத்தில் ஏசி பார் திறக்கத் துடிக்கும் தாண்டவராயன். அவருக்குச் சாட்சி சொல்லப் பழைய வாடிக்கையாளர்கள் முப்பது பேர். இன்றைய பேச்சை வைத்துத்தான் கடை வருமா வராதா என்பது முடிவாகும்.

“அழுதுகினே சொல்லுக்கா,” என்று ஜெயப்பிரியா காதில் ஓதி அனுப்பினாள்.

“அந்தக் கடையைப் பத்தி என்னம்மா தெரியும்?” என்றார் அதிகாரி.

செங்கேணிக்கு முகமெல்லாம் பல். “இன்னா சார் அப்டி கேட்டுட்ட! செவுரு பூரா இமயமலை. ஓரிக்கை ஆளு வரஞ்சது. அவன் எங்க மலைய பாத்தான்? பனிக்கு நடுவுல ரெண்டு பனமரம் நட்டு, கலயமும் கட்டி வுட்டுட்டான். ஃபேன் சுத்தும், காத்து வராது. ஸ்டூலுக்கு மூணு காலு, நாலாவது காலு செவுரு. பீரு அறுவது ரூவா சார், அறுவது!”

“கண்ணாடியில கிளி இருந்துச்சே, மறந்துட்டியா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“மறப்பனா? ஒத்தக் கிளிக்கு மூக்கே கெடயாது!”

முப்பது பேரும் சிரித்தார்கள். ஜெயப்பிரியா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“உள்ள கத்தி கூடாது சார். நூலுதான். ஒரு முனை பல்லுல, ஒரு முனை கையில, சர்ருனு இழுத்தா முட்டை ரெண்டு. எவனுக்குக் குடிச்சது போதுமோ அவனுக்கு மட்டும் உரிக்காம குடுப்பேன். வாங்கினா எழுந்துடணும். வூட்ல புள்ளைக்குப் போயி குடுக்கணும். அதான் சட்டம்.”

தாண்டவராயன் மீசையைத் தடவினார். “எழுதிக்குங்க சார், அவங்க சாட்சியே கடைய கேக்குது. செங்கேணி, புது பார்ல உனக்கும் ஒரு மூல தரேன். டைல்ஸ், ஏசி, பெரிய டிவி!”

“இமயமலை?”

“அது எதுக்கு? சுண்ணாம்பு அடிச்சாச்சி.”

“முட்டை?”

“உரிச்சே பாக்கெட்ல வருது. நீ சும்மா குந்திகினு எடுத்துக் குடு.”

“அப்ப எவனுக்குப் போதும்னு யாரு சொல்றது?”

“கேக்கற வரைக்கும் குடுக்கறதுதான் யாவாரம்.”

பஸ் நிலையத்தில் விற்க முட்டை கொண்டுவந்திருந்த தூக்குவாளியைச் செங்கேணி திறந்தாள். ஒரு முட்டையை ஓட்டோடு எடுத்து தாண்டவராயன் உள்ளங்கையில் வைத்தாள்.

“போதும் நைனா. வூட்டுக்குப் போ.”

ஒன்பது வருடப் பழக்கம் லேசில் விடுமா? அந்த வார்த்தை காதில் விழுந்ததும் முப்பது பேரும் எழுந்தார்கள். லுங்கியைத் தட்டினார்கள். சாட்சி சொல்ல வந்ததை மறந்து வரிசையாக நடையைக் கட்டினார்கள்.

“எங்கய்யா போறீங்க?” என்றார் அதிகாரி.

“வூட்டுக்கு சார்!”

அதிகாரி சற்று யோசித்து, ‘கடைக்கு ஆதரவாகப் பேச எவரும் இல்லை’ என்று எழுதினார். கடை வரவில்லை. கடை வேண்டாம் என்று செங்கேணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாண்டவராயனிடம் ஒரு முட்டையை உரிக்காமல் கொடுத்தாள்.