நடு ஆற்றில் சுட்ட காயில்

கிளம்பவே கிளம்பாத எஞ்சினைச் சரிசெய்துவிடலாம். கிளம்பிப் போய் நடுவழியில் நிற்கிற எஞ்சின்தான் ஆளைக் கொல்லும் என்பது ஸ்பானர் பிடித்த உங்களுக்கெல்லாம் தெரியும். எழுபதுகளின் கடைசியில், டெல்லியில், யமுனைக் கரைப் படகுக் கொட்டகையில் எனக்கு வாய்த்தது அந்த ரகம். பழைய பெட்ரோல் எஞ்சின். வெள்ளம் வந்தால் எதிர்க்கரை வெள்ளரித் தோட்டத்துக் குடிசைக்காரர்களை ஏற்றி வர இருந்தது அந்த ஒரு படகுதான்.

மூன்றாவது காயில்

பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் கம்பிச்சுருள்தான் காயில். அது சூடேறினால் பொறி செத்துவிடும். ஆறினால் தானே உயிர் வரும். நல்ல காயிலில் கை வைத்து இருபது வரை எண்ணலாம். நடு ஆற்றில் நின்று, துடுப்புப் போட்டுத் திரும்பிய படகில் இரண்டு எண்ணுவதற்குள் சுட்டது. கண்டென்சரை மாற்றினேன். காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயிண்டின் இடைவெளியை மூன்று முறை அளந்தேன். இரண்டு காயில் போயிற்று.

மூன்றாவதற்கு ஸ்டோருக்குப் போனேன். கிளார்க் கரோல் பாக்கிலிருந்து வரும் நம்மூர்க்காரர். அங்கே தமிழ் பேசும் இன்னொருவர் அவர் மட்டும்தான். நாலு வார்த்தை பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஜன்னலருகே போனதும் சீட்டை மட்டும் நீட்டினேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: “என்னய்யா, காயிலை வேகவச்சுத் தின்கிறீரா? சீட்டுல கையெழுத்தைப் போடும்.”

தனியாக இருந்தால் ஓடும்

எல்லாரும் டீக்குப் போன நேரம், என் ஒற்றை டம்ளரைப் பலகைமேல் வைத்துவிட்டு, கரையில் கட்டிய படகிலேயே எஞ்சினை ஓட்டிப் பார்ப்பேன். நாற்பது நிமிடம். ஏழு முறை ஓட்டினேன். ஏழு முறையும் நிற்கவில்லை. ஆட்களோடு போன பத்துப் பயணத்தில் நான்கு முறை நின்றது. ஆள் ஏறினால் நிற்கிறது என்று நோட்டில் எழுதினேன். யாரிடமும் கேட்கவில்லை.

இன்னொரு தடவை நின்றால் படகு ஏலத்துக்குப் போகும், எதிர்க்கரைக்காரர்கள் நீந்தி வரட்டும் என்றார் அதிகாரி. படகோட்டி கிஷன் பீடியை அணைத்துவிட்டுச் சிரித்தான்: “மிஸ்திரி ஜி, உங்க எஞ்சினுக்கும் உங்களை மாதிரியே கூட்டம் ஆகாது போல.”

சிவப்பு விளக்கு

ஆற்றில் நீர் ஏறிய காலையில், நானும் படகில் போக வேண்டும் என்று உத்தரவு. படகு கிளம்பும் நேரம் எப்போதும் கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொள்கிறவன் நான். அன்றுதான் உள்ளே உட்கார்ந்தேன்.

கிஷன் சாவியைத் திருப்பினான். சாவிக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் எஞ்சினைக் கிளப்பவில்லை. ஊதுபத்தி ஏற்றி விளக்குக்குக் காட்டி, ஜமுனா மாதாவைக் கும்பிட்டு, கயிறு கொண்டுவரும் ஆட்களுக்காகக் காத்திருந்தான். முப்பத்திரண்டு நிமிடம். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

காயிலில் கை வைத்தேன். ஐந்து எண்ணுவதற்குள் சுட்டது. சாவியைத் திருப்பியும் ஓடாத எஞ்சினில் பாயிண்ட் மூடி நின்றுவிட்டால் மின்சாரம் விடாமல் பாய்ந்து காயிலை வேகவைக்கும். திறந்து நின்றால் தப்பிக்கும். பத்துக்கு நான்கு என்ற கணக்கு அதுதான். தனியாக ஓட்டிய நான் சாவியைத் திருப்பியதுமே கிளப்பிவிடுவேன், அதனால் ஏழு முறையும் காயில் சுடவில்லை. சாவியை அணைத்தேன். கிஷன் என் கையைப் பிடித்துக்கொண்டான். விளக்கை அணைத்துவிட்டு வெள்ளத்தில் இறங்குவதா என்றான்.

படகிலிருந்து இறங்கினேன். கொட்டகை லாந்தரை ஏற்றிவந்து அவன் முன்னால் வைத்தேன். ஊதுபத்தியை அதற்குக் காட்டினான். காயில்மேல் ஈரத்துணி போட்டு, கை வைத்து இருபது எண்ண முடிகிறவரை ஆறவிட்டுக் கிளம்பினோம். ஆறு நடை, நாற்பத்தொரு பேர். ஒருமுறைகூட நிற்கவில்லை.

கடைசி நடையில் ஒரு கிழவியை ஆட்டுக்குட்டியோடு இறக்கிவிட்டு கிஷன் என் பக்கம் திரும்பினான்: “ஒரு வருஷமா தினமும் இந்த விளக்கைக் கும்பிடுறேன், மிஸ்திரி ஜி. ஒருநாள் பக்கத்துல வந்து உட்கார்ந்திருக்கக் கூடாதா?”

ஏழு சோதனையும் மூன்று காயிலும் செலவழித்துக் கண்டுபிடித்ததை ஒரு டீ கொடுத்துக் கேட்டே தெரிந்துகொண்டிருக்கலாம், ஆனால் அதற்கு இரண்டு டம்ளர் வேண்டும்.