சொல்லிட்டு எடு

போன மாதம் மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அடுத்த பிள்ளைக்கு இடைவெளி வேண்டுமென்று காப்பர்-டி வைத்துக்கொள்ள வந்திருந்தாள். சின்ன வயது நர்ஸ் ஒருத்தி அவள் கையில் தாளைக் கொடுத்து, "படிச்சுப் பாருங்கக்கா, வேணாம்னு தோணிச்சுன்னா இப்பக்கூட எழுந்து போய்டலாம்" என்றாள். மகள் படிக்காமலே கையெழுத்துப் போடப் போனாள். "படிடீ!" என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. கிழவிக்கு என்ன வந்ததோ என்று நினைத்திருப்பார்கள்.

வந்தது சேவ்லான் வாடை. எனக்கு அது தனியாக வராது, பலாப்பழ வாடையையும் இழுத்துக்கொண்டு வரும். எழுபதுகளின் கடைசியில், புதூர்நாட்டுக்கு மேலே ஒரு ஊரில், பலாப்பழக் காலத்தில்தான் நாங்கள் முகாம் போட்டோம். பள்ளிக்கூட அறைதான் ஆஸ்பத்திரி. நான் செங்கத்துப் பெண், புது நர்ஸ். மலையேறிய முதல் வாரத்திலேயே மூன்று முறை வழுக்கி விழுந்து, மருந்துப் பெட்டியை விடப் பத்திரமாகத் தூக்கிச் செல்லப்பட்டவள்.

கீழேயிருந்து ஜீப்பில் ஒரு டாக்டரம்மா வந்தார். தன் பிளாஸ்க்கிலிருந்து எனக்கும் காப்பி ஊற்றிக் கொடுப்பார். அதனாலேயே அவரை தெய்வமாக நினைத்தேன். வெள்ளைப்படுகிறது, இடுப்பு வலிக்கிறது என்று வந்த பெண்களை உள்ளே சோதிப்பதாகச் சொல்லிப் படுக்க வைத்து, அப்படியே கருத்தடை லூப்பை வைத்துவிட்டார். பதினெட்டுப் பேர். "சொல்ல வேணாமாங்க?" என்று கேட்டேன். "இதுங்ககிட்டக் கேட்டா வேலை நடக்குமா? டார்கெட்டு முடியணும்மா" என்றார். டானிக்குக்கு என்று சொல்லி அவர்கள் கைநாட்டை வாங்கி, பக்கத்தில் 'சம்மதம்' என்று எழுதியவள் நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

முனியம்மா அதில் ஒருத்தி. ஒரே பையனை முந்தின வருஷம் அம்மைக்குக் கொடுத்தவள். முகாமுக்குப் பிறகு மாதத்தில் பாதி நாள் அவளுக்கு உதிரம் போயிற்று. சாமை வயலிலிருந்து நேராக என்னிடம் வருவாள். "நர்சம்மா, எனுக்கு ஏன் தங்கவே மாட்டேங்குது? இன்னா குத்தம் பண்ணேன்?" வெள்ளிக்கிழமை விரதம் வேறு இருந்தாள். மூன்றாவது முறை கேட்டபோது சொல்லிவிட்டேன்.

அறைந்தாள். காது ரீங்காரமிட்டது. பிறகு எதிரே உட்கார்ந்து, "வேற யார் யாருக்கு வெச்சீங்க? பேரு சொல்லு" என்றாள். நோட்டை எடுத்துப் படித்தேன். ஒரு பெயர் விடாமல், இரண்டு முறை.

அடுத்த முகாமுக்கு டாக்டரம்மா மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரியையே கூட்டி வந்தார், தன் சாதனையைக் காட்ட. மாலை, மேளம் எல்லாம் ஏற்பாடு. லூப் வைத்துக்கொண்டவர்கள் யாரென்று அதிகாரி சிரித்தபடி கேட்டார். முனியம்மா எழுந்தாள்.

"எனுக்கு வெச்சாங்க. கேக்காமயே வெச்சாங்க."

அடுத்தவள் எழுந்தாள். "எனுக்கும். கேக்காமயே." பதினெட்டுப் பேரும் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். மேளக்காரர் எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை. கட்டாயக் கருத்தடை என்ற பேச்சுக்கே ஆட்சி கவிழ்ந்திருந்த சமயம். அதிகாரிக்கு வேர்த்துவிட்டது. "வேண்டாங்கிறவங்களுக்கு இப்பவே எடுத்துடுங்க" என்றார் டாக்டரம்மாவைப் பார்த்து.

"நர்சம்மா எடுக்கக் கூடாது. வெச்ச கைதான் எடுக்கணும்" என்றாள் முனியம்மா.

அதே மேசை. நான் தட்டை ஏந்தி நின்றேன். படுத்த ஒவ்வொருத்தியும், "இன்னா பண்ணப் போறேன்னு சொல்லிட்டு எடு" என்றாள். டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் அவர் குரல் கம்மிப்போயிற்று. முனியம்மா முதல் ஆளாகப் படுத்து எழுந்தவள், கடைசி வரை வாசற்படியை விட்டு நகரவில்லை. எனக்கு இனித்தது, இன்றைக்கும் இனிக்கிறது. கடைசியாக வந்த குப்பு மட்டும் படுக்கவில்லை. அவளுக்கு ஐந்து பிள்ளைகள். "எனுக்கு இருக்கட்டும். அன்னிக்கு நீ வெச்ச. இன்னிக்கு நான் சொல்றேன், இருக்கட்டும்னு" என்று டாக்டரம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள்.

பெயர்களைப் படித்ததற்கு எனக்கு மெமோ வந்தது, போளூருக்கு மாற்றல் வந்தது. டாக்டரம்மாவுக்குப் பதவி உயர்வு. முனியம்மாவுக்கு அப்புறமும் பிள்ளை தங்கவே இல்லை. லூப்பால் உள்ளே புண்ணாகித் தழும்பேறியிருந்தது.

ஆறேழு வருஷத்துக்கு முன்பு திருப்பத்தூரில் ஒரு கல்யாணத்தில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். தடி ஊன்றி நடந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப மேலேருந்து அவ்வளவு நெருக்கினாங்கம்மா. அந்தப் பொண்ணு மூஞ்சி அடிக்கடி வருது. நீயாவது மன்னிச்சேன்னு சொல்லு" என்றார். கண் கலங்கியிருந்தது.

"அவகிட்டயே கேளுங்கம்மா. இப்ப மேல வரைக்கும் பஸ் போவுது. முனியம்மா வூடுன்னா யாரும் காட்டுவாங்க" என்றேன். பஸ் எத்தனை மணிக்கு என்றுகூடச் சொன்னேன்.

அதற்கு முந்தின தை மாதமே முனியம்மா செத்துப்போயிருந்தாள் என்பதைச் சொல்லவில்லை.